எந்தப் புதுப்பட்டி, அண்ணாச்சி?

"புதுப்பட்டி" என்று மட்டும் விலாசம் எழுதி ஒரு கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டால் அது எங்கே போய்ச் சேரும்? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்!

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமே கிடையாது. தேனி மாவட்டத்தில் ஒரு க. புதுப்பட்டி இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் ஓர் ஆர். புதுப்பட்டி. அவ்வளவு தூரம் போவானேன்? விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே, வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் வ. புதுப்பட்டி, சிவகாசிப் பக்கம், பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு நடுவே, எம். புதுப்பட்டி. ஊர்ப் பெயரைச் சொன்னவுடன், "எந்தப் புதுப்பட்டி, அண்ணாச்சி?" என்று எதிர்க் கேள்வி வருவது அதனால்தான்.

"எம்." என்கிற அந்த ஓர் எழுத்து எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது, பார்த்தீர்களா? அதை விட்டுவிட்டால் கல்யாணப் பத்திரிகை மலையடிவாரத்துக்குப் போய்விடும். சம்பந்தி வீட்டார் இங்கே முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருப்பார்கள்!

இப்படிப்பட்ட குழப்பங்களைத் தீர்க்கத்தான் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பின்கோடு முறை வந்தது. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த திட்டம் அது. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 6 என்று தொடங்கினால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்கோடி. 626 என்று தொடங்கினால் விருதுநகர், சிவகாசி வட்டாரம். கடைசி மூன்று இலக்கங்கள் தபால் நிலையத்தைக் காட்டும். பாஷை தெரியாத ஊழியர்கூடக் கடிதத்தைச் சரியான பையில் போட்டுவிடலாம்.

இதெல்லாம் காகிதக் கடிதத்தின் கதை. இன்று விலைப்பட்டியலும், லேபிள் மாதிரியும், லைசென்ஸ் சம்பந்தமான கடிதங்களும் மின்னஞ்சலில் பறக்கின்றன. அங்கே இந்தப் புதுப்பட்டிக் குழப்பம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது! வேஷம்தான் வேறு.

நடுவில் ஒரு சுழி

1971-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்ற என்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்ப முயன்று கொண்டிருந்தார். இரண்டு யந்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. ஆனால் கடிதம் வலைத்தொடர்பின் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அதற்கு முன்பே ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்குள் செய்தி விட்டுச் செல்வது உண்டு. அங்கே ஆள் பெயர் மட்டும் போதும். ஒரே வீட்டுக்குள் "தம்பி" என்று கூப்பிடுகிற மாதிரி. வேறு யந்திரத்துக்கு அனுப்புவதென்றால் இன்ன ஆள், இன்ன யந்திரம் என்று இரண்டையும் சொல்லியாக வேண்டுமே! ஆள் பெயரையும் இடப் பெயரையும் பிரிக்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. யாருடைய பெயரிலும் வராத ஓர் அடையாளத்தை டாம்லின்சன் விசைப்பலகையில் தேடிப் பிடித்தார். அதுதான் @ என்ற சுழி. பில் எழுதுகிற வியாபாரிகளுக்கு அது பழைய சிநேகிதம். "10 டஜன் @ 5 ரூபாய்" என்று விலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆசாமிதான் ஒரே நாளில் தபால் இலாகாவுக்கு மாற்றலாகி வந்துவிட்டார்.

பிறகு 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் டொமைன் என்ற இணையப் பெயர் முறையை வகுத்தார். சுழிக்கு வலப்பக்கம் இருப்பது இந்த டொமைன், அதுதான் ஊர். 1986-ல் அதற்குள் "எம்.எக்ஸ்." என்ற குறிப்பு வந்து சேர்ந்தது. "இந்த ஊருக்கு வரும் கடிதங்களை இன்ன தபால் நிலையம் வாங்கிக் கொள்ளும்" என்று உலகத்துக்கு அறிவிக்கிற குறிப்பு அது. அந்தத் தபால் நிலையத்துக்குத்தான் மெயில் சர்வர் என்று பெயர்.

நிஜத் தபால் நிலையம் ஒன்றே பல கிராமங்களுக்குச் சேவை செய்கிறதல்லவா? அதே மாதிரி ஒரு மெயில் சர்வர் பல டொமைன்களுக்குக் கடிதம் வாங்கலாம். சௌகரியமும் அங்கேதான். சங்கடமும் அங்கேதான்!

அண்ணனும் தம்பியும்

சிவகாசி வட்டாரத்துத் தொழில்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்தைக் கையாளும் கை பட்டாசுக்கும் பழகியது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பட்டாசும் தம்பி அச்சகமுமாக இருப்பது இங்கே சகஜம்.

அப்படி எம். புதுப்பட்டியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டு தொழிலுக்கும் தனித்தனி டொமைன்: பட்டாசு.உதாரணம், அச்சகம்.உதாரணம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சர்வர், வாடகை மிச்சம். வெளியூர்க்காரர்கள் எழுதுவதற்குத் தகவல்@பட்டாசு.உதாரணம், தகவல்@அச்சகம்.உதாரணம் என்று இரண்டு விலாசங்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

"தகவல்" என்று ஓர் ஆள் கிடையாது. அது வெறும் பெயர். அந்தப் பெயருக்கு வருகிற கடிதத்தை எந்த மனிதரின் பெட்டியில் போடுவது என்று சர்வருக்கு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் "ஏலியாஸ்" என்கிறார்கள். நாம் மறுபெயர் என்போம்.

நம் பத்திரிகை உலகத்துக்கு இது புதிதா என்ன? ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் சங்கீத விமரிசனம் வந்தது. கர்நாடகத்துக்குக் கடிதம் எழுதினால் அது கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் மேஜைக்குப் போய்ச் சேரும். பெயர் இரண்டு, ஆசாமி ஒருவர். அது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. "ஆசிரியர்" என்று மட்டும் உறையில் எழுதினால் யாருக்குப் போகும்? ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறாரே! பத்திரிகையின் பெயரையும் சேர்த்தால்தான் அது விலாசம். இங்கே பெயர் ஒன்று, ஆசாமிகள் பலர். நம் அண்ணன் தம்பிக்கு வந்த தொல்லை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பழைய பதிவேடு செய்யும் விஷமம்

யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் "ஏலியாஸஸ்" என்று ஒரு பழைய பதிவேடு உண்டு. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற புரோகிராமின் காலத்திலிருந்து, அதாவது 1980-களிலிருந்து வழங்கி வருவது. அதில் இடப்பக்கம் வெறும் பெயர். வலப்பக்கம் சேர வேண்டிய ஆள். "தகவல்: அண்ணன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஊர்ப் பெயர் எழுத அதில் இடமே இல்லை!

ஒரு டொமைன் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. தம்பியின் டொமைனும் அதே சர்வருக்கு வந்தவுடன் என்ன ஆயிற்று? சர்வர் சுழிக்கு இடப்பக்கத்தை மட்டும் பார்த்தது. பட்டாசுக்கு வந்த தகவலும் அண்ணனுக்கு, அச்சகத்துக்கு வந்த தகவலும் அண்ணனுக்கு!

"தம்பி, காலண்டர் விலை கேட்டு என் பெட்டிக்கு ஏன் கடிதம் வருது? நான் காலண்டர் அடிக்கிறேனா?"

"சர்வருக்கு நீங்களும் உங்க தம்பியும் ஒண்ணுதான், அண்ணாச்சி. புதுப்பட்டின்னு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கீங்க. எந்தப் புதுப்பட்டின்னு எழுதலையே!"

கம்ப்யூட்டர் படித்த பையன் இப்படிச் சொன்னால் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரலாம். தம்பிக்குச் சிரிப்பு வராது. காலண்டர் வியாபாரம் பருவத்தை நம்பிய வியாபாரம். விலை கேட்டவருக்கு இரண்டு நாளில் பதில் போகாவிட்டால் அவர் அடுத்த அச்சகத்துக்குப் போய்விடுவார். வராத ஆர்டருக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. நஷ்டம் வந்ததே தெரியாமல் நஷ்டப்படுவது இதுதான்!

ஊர் பேர் சொல்லி எழுதும் பதிவேடு

இதற்குப் பரிகாரம் உண்டு. வீட்ஸ வெனமா என்ற டச்சு விஞ்ஞானி அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற தபால் புரோகிராமை எழுதி 1998-ல் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். இன்றும் ஏராளமான சர்வர்களில் கடிதம் பிரித்துக் கொண்டிருப்பது அதுதான். அதில் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, "மெயின் சி.எஃப்." என்ற கோப்பில் "விர்ச்சுவல் ஏலியாஸ் டொமைன்ஸ்" என்ற வரியில் பட்டாசு.உதாரணம், அச்சகம்.உதாரணம் என்று இரண்டு டொமைன்களையும் எழுத வேண்டும். "இந்த ஊர்களுக்கு வரும் கடிதங்களை நான் வாங்குவேன். ஆனால் இங்கே எனக்குச் சொந்தமாகக் குடித்தனக்காரர்கள் இல்லை, பதிவேட்டைப் பார்த்துத்தான் அனுப்புவேன்" என்பது அதற்கு அர்த்தம்.

இரண்டாவது, அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று "விர்ச்சுவல் ஏலியாஸ் மேப்ஸ்" என்ற வரியில் காட்டிவிட்டு, அதில் ஒரு வரிக்கு ஒரு விலாசமாக எழுத வேண்டும். இடப்பக்கம் சுழியோடும் டொமைனோடும் முழு விலாசம். வலப்பக்கம் சேர வேண்டிய பெட்டி. தகவல்@பட்டாசு.உதாரணம் அண்ணனுக்கு. தகவல்@அச்சகம்.உதாரணம் தம்பிக்கு. வலப்பக்கம் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு@பட்டாசு.உதாரணம் என்பதற்கு எதிரே அண்ணனையும் கணக்குப்பிள்ளையையும் கமா போட்டு எழுதினால் இருவருக்கும் ஒவ்வொரு பிரதி போகும்.

மூன்றாவது, "போஸ்ட்மேப்" என்ற கட்டளை. கையால் எழுதிய பதிவேட்டை யந்திரம் சட்டென்று புரட்டிப் பார்க்கும்படியாக இது மாற்றிக் கொடுக்கும். பதிவேட்டில் திருத்திவிட்டு இதை மறந்து, "மாற்றினேனே, மாறவில்லையே!" என்று தலையில் கை வைத்துக் கொள்கிறவர்கள் அநேகம். மெயின் சி.எஃப். கோப்பைத் தொட்டிருந்தால் போஸ்ட்ஃபிக்ஸை "ரீலோட்" செய்யவும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. "மைடெஸ்டினேஷன்" என்று இன்னொரு பட்டியல் உண்டு. அது சர்வரின் சொந்த ஊர்களைச் சொல்லும் பட்டியல். ஒரே டொமைனை அதிலும் எழுதி, விர்ச்சுவல் பட்டியலிலும் எழுதிவிடக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸின் கையேடே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. சொந்த ஊர்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பழையபடி ஆள் பெயரை மட்டும் பார்க்கிற வழக்கம் உள்ளே புகுந்துகொள்ளும். ஓர் ஊருக்கு ஒரு பட்டியல், அதுதான் சட்டம்.

சரியாகச் செய்தோமா என்று சோதிப்பதும் சுலபம். வெளியே இருக்கிற ஒரு பெட்டியிலிருந்து இரண்டு விலாசங்களுக்கும் ஒவ்வொரு கடிதம் எழுதிப் பாருங்கள். அண்ணனுடையது அண்ணனுக்கும் தம்பியுடையது தம்பிக்கும் போனால் பாயசம் வைக்கலாம்.

எல்லாம் வாங்கும் ஆசாமி

"யாராவது தப்பாக எழுதினால்? 'தகவள்' என்று எழுதிவிட்டால்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பதிவேட்டில் ஆள் பெயரே இல்லாமல் சுழியையும் டொமைனையும் மட்டும் எழுதி வைத்தால், வேறு எந்த வரியிலும் அகப்படாத கடிதமெல்லாம் அங்கே விழும். வாசலில் ஒரு கூடை வைத்த மாதிரி.

கேட்கச் சுகமாக இருக்கிறது, அனுபவிக்கச் சுகமில்லை. குப்பைக் கடிதம் அனுப்புகிறவர்கள் ஆயிரம் பெயர்களை ஊகித்து ஆயிரம் கடிதம் போடுவார்கள். அத்தனையும் கூடையில் வந்து விழும். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு நல்ல கடிதம் மூச்சுத் திணறிக் கிடக்கும். கூடை இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? இல்லாத பெயரை வாசலிலேயே 550 என்ற எண்ணைச் சொல்லிச் சர்வர் திருப்பிவிடும். எழுதியவருக்குச் சற்று நேரத்தில் "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று சேதி போகும். அவர் எழுத்தைத் திருத்தி மறுபடி அனுப்புவார். வாங்கி வைத்துக்கொண்டு படிக்காமல் இருப்பதைவிட இல்லை என்று உடனே சொல்வது நாகரிகம்!

ஆனால் ஒரு பெயரை எந்த டொமைனிலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அதுதான் "போஸ்ட்மாஸ்டர்". மின் தபாலின் விதிமுறைகளே அதைக் கட்டாயமாக்கி இருக்கின்றன. தகவல், விற்பனை, புகார் போன்ற காரியங்களுக்கு எந்தப் பெயர்களை வைப்பது நல்லது என்று 1997-ல் ஒரு பட்டியலும் வெளியாகி இருக்கிறது. டொமைன் புதிதாகச் சேரும்போதெல்லாம் அதற்கென்று ஒரு போஸ்ட்மாஸ்டர் வரியையும் சேர்த்துவிட வேண்டும்.

பாகப்பிரிவினை

இத்தனை பாடு எதற்கு, இலவசமாகக் கிடைக்கிற பெட்டி ஒன்றைத் திறந்து கணக்குப்பிள்ளை பெயரில் வைத்துக் கொண்டால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். வியாபாரம் நன்றாக நடக்கும் வரையில் போதும். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போகிற அன்றுதான் கண் திறக்கும்!

பெட்டி அவருடையது. ரகசியச் சொல் அவரிடம். சரிபார்க்கும் எண் போவது அவருடைய போனுக்கு. பத்து வருஷத்து வாடிக்கைக்காரர்கள் அந்த விலாசத்துக்குத்தான் எழுதிப் பழகியிருக்கிறார்கள். பட்டாசுத் தொழிலுக்கோ இன்னொரு கவலையும் உண்டு. வெடிபொருள் லைசென்ஸ் வழங்குகிற பெசோ என்ற மத்திய அமைப்புக்கு விண்ணப்பங்கள் இப்போது இணையம் வழியாகவே போகின்றன. அங்கே பதிந்து வைத்த மின்னஞ்சல், வேலையை விட்டுப் போனவருடைய சொந்தப் பெட்டியாக இருந்தால்? குறை சொல்லி ஒரு கடிதம் வரும். பதில் சொல்ல வேண்டியவர் கண்ணில் அது படாது.

மறுபெயர்ப் பதிவேட்டில் இந்தத் தொல்லை இல்லை. லைசென்ஸ்@பட்டாசு.உதாரணம் என்ற விலாசம் நிறுவனத்தின் சொத்து. இன்று அதற்கு எதிரே ஒருவர் பெயர் இருக்கும். அவர் போனால் நாளைக்கு இன்னொருவர் பெயர். மாறுவது ஒரே வரி. வெளியே எழுதுகிறவர்களுக்கு மாறியதே தெரியாது.

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற நாளும் வரலாம். வந்தால்தான் என்ன? ஆள் பெயரை மட்டும் பார்த்த பழைய பதிவேடாக இருந்தால் "தகவல்" யாருக்கு என்று வழக்கே நடக்கும்! முழு விலாசமாக எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. பட்டாசு.உதாரணம் என்று முடிகிற வரிகள் அண்ணனுக்கு. அச்சகம்.உதாரணம் என்று முடிகிற வரிகள் தம்பிக்கு. தம்பி வேறு சர்வருக்குக் குடி போகலாம், எம்.எக்ஸ். குறிப்பை மாற்றிக் கொண்டால் கடிதங்கள் பின்னாலேயே வரும். வரப்புச் சரியாகப் போட்ட வயலைப் பிரிக்க அமீன் எதற்கு?

இன்னும் சில குறிப்புகள்

வலப்பக்கத்துப் பெட்டி கூடுமானவரை உங்கள் சர்வரிலேயே இருக்கட்டும். வெளியே இருக்கிற இலவசப் பெட்டிக்குத் திருப்பிவிட்டால், அங்கே உள்ள காவல்காரர் சந்தேகப்படுவார். "கடிதம் எழுதியவர் விஜயவாடாக்காரர், கொண்டு வந்திருப்பதோ சிவகாசி சர்வர்! இந்த டொமைனுக்காகக் கடிதம் கொண்டுவர இவருக்கு அனுமதி உண்டா?" என்று கேட்பார். எஸ்.பி.எஃப். என்ற சோதனை அது. தேறாவிட்டால் நல்ல கடிதமும் குப்பையில் போகும்.

பதில் எழுதும்போதும் கவனம் வேண்டும். மறுபெயர் என்பது வருகிற கடிதத்துக்கு வழி காட்டுவது. போகிற கடிதத்தின் தலையில் உங்கள் சொந்தப் பெட்டியின் பெயர்தான் இருக்கும். அனுப்புநர் விலாசத்தையும் தகவல்@பட்டாசு.உதாரணம் என்று கடிதம் எழுதும் புரோகிராமில் மாற்றி வைக்க வேண்டும்.

பட்டாசுக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி உத்தரவிட்டது. விலாசத்தை அழகாக அமைத்துக் கொடுப்பது மெயில் சர்வரின் வேலை. அந்த வழியில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்வது சட்டத்தின் வேலை.

சுழிக்கு இரு பக்கமும் தமிழிலேயே எழுதுவது வெறும் கற்பனையோ என்று நினைக்க வேண்டாம். 2007-ல் சோதனைக்காகவே "உதாரணம்.பரிட்சை" என்ற தமிழ் டொமைன் இணையத்தில் உலவியது. பிற மொழி எழுத்துக்களில் மின்னஞ்சல் விலாசம் எழுதுவதற்கான விதிமுறைகள் 2012-ல் வெளியாயின. 2015-ல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 அவற்றை ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பக்கத்துச் சர்வரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் பாக்கி.

ஆகவே, சொந்த டொமைன் வைத்திருக்கிற வியாபாரிகளே! தீபாவளிச் சீசன் சூடு பிடிப்பதற்கு முன்பு ஒருநாள் உங்கள் கம்ப்யூட்டர்ப் பையனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பதிவேட்டை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயர் எந்த வரியிலாவது இருக்கிறதா? ஊர் பேர் இல்லாமல் ஆள் பெயர் மட்டும் எங்காவது நிற்கிறதா? நின்றால் கூசாமல் கேளுங்கள்:

"எந்தப் புதுப்பட்டி, தம்பி?"